தூண்டில்காரர் பதில்கள்: பழைய ரீலா, புது ரீலா?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "என் சிவப்பு ரீலுக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது, இன்னும் மீன் ஏற்றுகிறது." அவ்வளவுதான். இந்த மாதத் தபாலில் பாதி அந்த ஒரு வரிக்கே வந்திருக்கிறது. சிலர் என்னைப் பழமைவாதி என்கிறார்கள். சிலர் தங்கள் பரணில் கிடக்கும் ரீலுக்கு விலை கேட்கிறார்கள். ஆகவே இந்த மாதம் புழு, இறால், ஏற்றவற்றம் பற்றிய கேள்விகளை ஓரம் வைத்துவிட்டு, பெய்ட்காஸ்டர் பற்றி மட்டும் பேசுவோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: கம்பின் மேல் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கிணற்று உருளை போன்ற ரீல் அது. கட்டைவிரலால் அடக்கி எறிய வேண்டும்.

கேள்வி: பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறேன். என் மைத்துனர் தன்னிடம் இருக்கும் பழைய அபு அம்பாசடர் 6500சி ரீலைச் சும்மா தருகிறேன் என்கிறார். நானோ புதிய ஷிமானோ கியூராடோ வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீருக்கு எது சரி? நூலை வேகமாகச் சுற்றுவதில் எது மேல்? கம்பு ஏழடி.
— வாசகர், பரங்கிப்பேட்டை

ரீலின் பெயர் எழுதியிருக்கிறீர்கள், கம்பின் நீளம் எழுதியிருக்கிறீர்கள், மைத்துனரின் தாராள மனதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். (அதை இங்கே சுருக்கிவிட்டேன், மன்னிக்கவும்.) எறிகிற இரையின் எடை மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. பெய்ட்காஸ்டரில் தீர்ப்புச் சொல்வது அந்த எடைதான்.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) அசையாமல் நிற்கும்; நரம்பு, அதாவது நைலான் நூல், அதன் விளிம்பைத் தாண்டிக் கழன்றுபோகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும், பறந்துபோகும் இரைதான் அதை இழுத்துச் சுழற்ற வேண்டும். கனத்த ஸ்பூலை இலேசான இரை இழுப்பது, சின்னப் பையன் தனியாகத் தேர்வடம் பிடிப்பது போல. கிளம்பாது, கிளம்பிவிட்டால் நிற்காது. இரை காற்றில் தளர்ந்த பிறகும் ஸ்பூல் தன் வேகத்திலேயே சுழன்று நூலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு நொடிக்குள் குருவிக்கூடு தயார். பாதி காலைப்பொழுது அதைப் பிரிப்பதிலேயே போய்விடும்.

6500சி போன்ற பழைய உருளை ரீல் 300 கிராமுக்கு மேல் இருக்கும். ஸ்பூலும் பெரியது, அதில் சுற்றிய நரம்பும் கனம். உயிருள்ள மடவையைக் கோத்து ஈயத்தோடு 40 கிராம் எறிகிறீர்கள் என்றால் அந்த ரீல் உங்களை ஏமாற்றாது. 25 கிராம் ரப்பர் மீனும் அழகாகப் போகும். பத்து கிராமுக்குக் கீழே உள்ள பொய் இறாலை அதில் கட்டி எறிந்தால், என் அனுபவத்தில், மூன்று வீச்சுக்கு ஒரு சிக்கு நிச்சயம். அந்த வேலைக்குப் புதியதை வாங்குங்கள். இப்போதைய 200 அளவு கியூராடோ 215 கிராம்தான். ஸ்பூல் மெலிசு, சட்டென்று கிளம்பி, சட்டென்று அடங்கும்.

அடுத்தது காற்று. உங்கள் முகத்துவாரத்தில் கார்த்திகை, மார்கழியில் வாடை முகத்தில் அடிக்கும். எதிர்காற்றில் எறியும்போது பிரேக்கைக் கூட்ட வேண்டும். பழைய அபுவில் பிரேக் என்பது ஸ்பூலின் பக்கத்தில் கம்பியில் கோத்த இரண்டு சின்னக் கட்டைகள். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளிப்புறமாக ஒதுங்கி ஒரு வளையத்தில் உரசும். கட்டையை மாற்ற வேண்டுமென்றால் ரீலைத் திறக்க வேண்டும். ஈரக்கையோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மிளகளவு கட்டையை மாற்றிப் பாருங்கள். நான் மாற்றியிருக்கிறேன். இரண்டு கட்டைகள் இப்போதும் சுண்ணாம்பாற்றின் அடியில் கிடக்கின்றன. புது ரீலில் அதே வேலை வெளியே உள்ள ஒரு குமிழைத் திருகுவதோடு முடிகிறது. டைவா ரீல்களில் காந்தப் பிரேக். அலுமினிய ஸ்பூல் எதையும் உரசாமலே காந்தப்புலத்தில் சுழலும்போது அதற்கு எதிர்விசை உண்டாகிறது. வேகம் ஏறும்போது ஸ்பூலோடு ஒட்டிய ஒரு வளையம் தானாகவே காந்தத்துக்குள் நகர்ந்துகொள்ளும் ஏற்பாடும் சிலவற்றில் உண்டு. இந்த விஷயத்தில் புதியதுதான் மேல். வாதத்துக்கே இடமில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் சூடேறும். பழைய ரீலின் கைப்பிடியைப் பின்னால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு 'டக்' என்று நிற்கும். உள்ளே பல்சக்கரமும் அதில் விழும் ஒரு நாக்கும் இருக்கின்றன. அந்த ஆட்டத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். மீன் கவ்வியவுடன் வெட்டி இழுக்கும்போது அந்த ஆட்டத்தால் கொஞ்சம் பிந்திவிடும் என்பது உண்மைதான். புது ரீலில் உருளைகள் அடங்கிய ஒருவழிப் பேரிங் இருக்கிறது. கைப்பிடி மயிரளவும் பின்னால் போகாது. ஆனால் அந்த உருளைகளில் உப்பு ஏறினாலோ, கெட்டியான கிரீஸ் புகுந்தாலோ அவை வழுக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் ஒரு புது ரீலோடு நின்றிருந்தேன். நல்ல கொடுவா. கவ்வியதும் வெட்டினேன். கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று என் விரல் முட்டியைப் பதம்பார்த்தது. மீன் போய்விட்டது, நகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்தேன். தவறு ரீலுடையது அல்ல. முந்தின வாரம் நானே அந்தப் பேரிங்கில் பற்சக்கரத்துக்குப் போடும் கிரீஸைத் தாராளமாகத் தடவியிருந்தேன். அங்கே போட வேண்டியது ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும். நாற்பது ஆண்டு கடிகாரம் பழுது பார்த்தவன் செய்கிற காரியமா இது என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை. பழைய நாக்கு-பல் ஏற்பாட்டில் இந்தக் கிரீஸ் தொல்லை கிடையாது. நாக்கு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம்.

வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 7.4:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.4 சுற்று) என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு நூல் வருகிறது என்பதுதான் கணக்கு. ஸ்பூலில் நூல் நிறைந்திருக்கும்போது அதன் குறுக்களவு 38 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் 5.3:1 என்றால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 செ.மீ. நூல் வரும். சின்ன ஸ்பூல், நூலோடு 34 மி.மீ., கியர் 7.4:1 என்றால் 79 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதே வேக ரீலில் மீன் பாதி நூலை இழுத்துக்கொண்டு போய், குறுக்களவு 28 மி.மீ. ஆகிவிட்டது என்றால்? ஒரு சுற்றுக்கு 65 செ.மீ.தான். உங்கள் புது ரீல் அந்த நேரத்தில் பழைய ரீலாகிவிட்டது. கொடுவாவுக்கு ரப்பர் மீனை மெதுவாக, தரையை ஒட்டித் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். அதற்கு வேகம் வேண்டியதில்லை. பாறை மீன் கூட்டம் மேலே வந்து குஞ்சு மீனைத் துரத்தும்போதுதான் வேகம் கைகொடுக்கும்.

உங்களுக்கு என் யோசனை: மைத்துனரின் ரீலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க மடவையும் கனத்த இரையும் அதில் எறியுங்கள். கையில் கட்டைவிரல் பழக்கம் வந்துவிடும். சேர்த்த பணத்தைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் இலேசான பொய் இரைமேல் ஆசை இருந்தால் புதியதை வாங்குங்கள். அப்போது எதற்காக வாங்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மைத்துனர் மனம் மாறுவதற்குள் முதல் காரியத்தை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கணினி வைத்த ரீல் வந்திருக்கிறதாமே? அதற்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும்?
— வாசகர், தூத்துக்குடி

மாற்றவே வேண்டாம், பேட்டரியே கிடையாது. ஷிமானோ 2003-இல் கல்கட்டா காங்க்வெஸ்ட் டிசி என்ற ரீலில் அதைக் கொண்டுவந்தது. (பெயர் நம் கல்கத்தாதான். மீன் என்னவோ ஜப்பானில் பிடிக்கிறார்கள்.) ஸ்பூல் சுழலும்போது, சைக்கிள் டைனமோவைப் போல, அதுவே மின்சாரம் உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு சின்னச் சில்லு விழித்துக்கொண்டு, ஸ்பூலின் வேகத்தை நொடிக்கு ஆயிரம் தடவை பார்த்து, வேண்டிய இடத்தில் பிரேக் போடுகிறது. எறியும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். சிலருக்கு அது சங்கீதம். எனக்கு, கொசு காதோரம் வந்த மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இருட்டில் எறிபவர்களுக்கும், எதிர்காற்றில் எறிபவர்களுக்கும் இது பெரிய உபகாரம் என்பதை மறைக்க மாட்டேன். நண்பர் ஒருவரின் ரீலை வாங்கி ஒரு மாலை முழுக்க எறிந்தேன். ஒரு சிக்கும் விழவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மின்சுற்று கெட்டால் என் போன்றவர்கள் கை வைக்க முடியாது. அதை நினைவில் வைத்து வாங்குங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் கப்பல்கட்டும் தளத்தில் வேலை செய்கிறேன். இங்கே பழைய ரீல்கள் நல்ல நிலையில் கைமாறுகின்றன. ஊருக்குத் திரும்பும்போது ஒன்று வாங்கி வர ஆசை. கையில் எடுத்தவுடன் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், சிங்கப்பூர். சொந்த ஊர் வேதாரண்யம்

விற்பவர் முன்னால் கூச்சப்படாதீர்கள். ரீலைக் காதில் வையுங்கள்.

நான் பழைய ரீலை வாங்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஸ்பூலை விடுவித்து, ஒரு விரலால் சுண்டிவிடுவேன். சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுழன்றால் பேரிங் உயிரோடு இருக்கிறது. மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பேரிங் செத்துவிட்டது. அதற்காகப் பயப்பட வேண்டாம், பேரிங் எங்கும் கிடைக்கும். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பிறகு கைப்பிடியை மெதுவாகச் சுற்றுவேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'கடக்' என்று தட்டினால் பல் அடிபட்டிருக்கிறது. அதை வாங்காதீர்கள். நூலை இடமும் வலமும் பரப்பிக்கொண்டு போகும் வழிகாட்டி, ஓரத்துக்குப் போய்த் திரும்பும்போது தயங்குகிறதா என்று பாருங்கள். தயங்கினால் குறுக்கு மரை வெட்டிய தண்டோ, அதில் ஓடும் நாக்கோ தேய்ந்திருக்கிறது. நாக்கு மலிவு, தண்டு கொஞ்சம் விலை.

டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) இறுக்கி, நூலை ஒரு மீன் தராசின் கொக்கியில் கட்டி இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு, வெட்டி வெட்டிக் கொடுத்தால் உள்ளே உள்ள வட்டுகள் பழசாகிவிட்டன. கார்பன் வட்டுகள் வாங்கிப் போட்டால் பழைய ரீலும் வெண்ணெயில் இழுத்தது போல் கொடுக்கும். நான் ஒரு பழைய ரீலுக்குச் செலவு செய்வதென்றால் முதல் செலவு அதுதான்.

அடுத்தது உடம்பு. வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருக்கிறதா பாருங்கள், குறிப்பாகத் திருகாணிகளைச் சுற்றி. எடையைக் குறைப்பதற்காக மெக்னீசியத்தில் சட்டம் செய்த ரீல்கள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. நன்னீர் ஏரிக்கு அவை அருமை. பூச்சு கீறிய இடத்தில் உப்பு நுழைந்தால் சட்டம் உள்ளிருந்தே பொரிந்துவிடும். வேதாரண்யத்துக்கா கொண்டுபோகிறீர்கள்? உப்பளத்துக்கு நடுவே மெக்னீசியமா! வேண்டவே வேண்டாம்.

அபு அம்பாசடர் கிடைத்தால், ரீலின் பாதத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 1970-களின் பிற்பகுதியில் வந்தவற்றில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். என்னுடையது 7706 என்று தொடங்குகிறது, 1977 ஜூன். பெயருக்குப் பின்னால் 'சி' இருந்தால் பால் பேரிங் போட்டது. என் சிவப்பு 5000-இல் 'சி' இல்லை, குண்டு இல்லாத வெறும் உலோக வளையம், புஷ்தான். அதனால் உங்களுடையது என்னுடையதைவிடத் தூரம் எறியும். பொறாமைப்பட மாட்டேன்.

ஷிமானோ ரீல்களில், பச்சை நிறத்தில் வந்த பழைய கியூராடோ 200பி கண்ணில் பட்டால் விடாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் கரையோரக் காயல்களில் மீன் பிடிப்பவர்கள் அந்தப் பச்சை ரீலை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். உலோகச் சட்டம், 6.2:1 கியர், உள்ளே குழப்பமில்லாத அமைப்பு. அதற்குப் பிறகு டி, இ, ஜி, ஐ, கே, எம் என்று எழுத்து மாறிக்கொண்டே வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே பல பாகங்கள் வேறு வேறு. ஆகவே பச்சையை வாங்குவதானால் ஒன்று வாங்காதீர்கள். ஓடுகிற ஒன்றும், ஓடாத ஒன்றும் வாங்குங்கள். இரண்டாவதுதான் முதலாவதற்கு மருந்துக்கடை.

கேள்வி: அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பெட்டியில் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. பச்சைக் களிம்பு ஏறி, கைப்பிடி சுற்றவே மாட்டேன் என்கிறது. தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. நான் மீன் பிடித்ததில்லை, கற்றுக்கொள்ள ஆசை. அது தேறுமா? கற்றுக்கொள்ள ஏற்றதா?
— வாசகி, கடலூர் முதுநகர்

தேறும், அம்மா. களிம்பு என்று எழுதியதைப் படித்ததுமே நிம்மதியாக இருந்தது. களிம்பு பித்தளையில்தான் ஏறும். உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரம் பித்தளை. களிம்பு மேலே படர்ந்திருக்கும், பல்லைத் தின்றிருக்காது. சுற்றாததற்குக் காரணம் பெரும்பாலும் கிரீஸ். பழைய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அரக்கு மாதிரி இறுகிவிடும்.

ஒரு வெள்ளைத் துணியை மேசைமேல் விரியுங்கள். கைப்பிடி இருக்கும் பக்கத்துத் தட்டைச் சுற்றி, ஓரம் சொரசொரப்பான மூன்று திருகுகள் இருக்கும். அவற்றுக்குத் திருப்புளி வேண்டாம், விரலே போதும். இந்த ரீலை வடிவமைத்தவர்களை நான் கும்பிடுவது இதற்காகத்தான். மூன்றையும் கழற்றினால் அந்தப் பக்கம் அப்படியே கையில் வந்துவிடும், ஸ்பூல் தனியாக வந்துவிடும். சிக்கிக்கொண்டால் பலம் காட்டாதீர்கள். திருகின் அடியில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் இளகும்.

அதற்கு மேல் கைப்பிடியையும் பற்சக்கரத்தையும் கழற்றும்போது, ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாகத் துணியில் வையுங்கள். செல்பேசியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். ஸ்பிரிங் ஏதாவது கண்ணில் பட்டால் அதை விரலால் மூடிக்கொண்டு எடுங்கள். இல்லையென்றால் அது சன்னல் வழியாக வெளியே போய்விடும். மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியை நனைத்துப் பற்சக்கரத்தைத் தேயுங்கள். பழுப்பு நிறத்தில் கரைந்து வரும். அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். வட்டமான டிராக் தகடுகளையும் நார் வட்டுகளையும் மட்டும் மண்ணெண்ணெயில் போடாதீர்கள்; துணியால் துடைத்து வரிசை மாறாமல் வையுங்கள். பற்சக்கரத்துக்கு மெலிதாகக் கிரீஸ், ஸ்பூல் அச்சின் இரு முனைக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

வெளித்தட்டில் கீறல் இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எந்தப் படகு ஓரத்தில் உரசி வாங்கியது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், நான் கடிகாரக்காரன் என்பதால். இந்த வகை ரீலின் மூதாதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில், பாரிஸ் என்ற சிற்றூரில் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர். அவர் கடிகாரம் செய்பவர். உங்கள் அப்பாவின் ரீல் பிறந்தது சுவீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில். அந்த நிறுவனம் 1921-இல் தொடங்கியபோது கடிகாரத் தொழிற்சாலை என்றுதான் பெயர். பிறகு வாடகைக் கார்களுக்கு மீட்டர் செய்தது. இரண்டாம் உலகப் போரில் மீட்டரை வாங்க ஆளில்லாமல் போனதும் ரீலுக்கு வந்தார்கள். 1952-இல் அம்பாசடர். மீட்டருக்கு வெட்டிய பல்லின் நுணுக்கம் ரீலிலும் இருக்கிறது. என் சிவப்பு ரீல் 1986-இல் ஒரு மாலுமியிடமிருந்து கைக்கடிகாரம் பழுது பார்த்த கூலியாக எனக்கு வந்தது. முதல் முறை அதைத் திறந்தபோது, இது மீன் பிடிப்பவன் செய்த பொருள் இல்லை, நம் ஆள் செய்த பொருள் என்று தோன்றியது.

கற்றுக்கொள்ள அது ஏற்ற ரீலா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்றதுதான், தடித்த நரம்பும் 30 கிராம் ஈயமும் இருந்தால். முதல் வாரம் கொக்கி வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு வாளியைக் குறிவைத்து எறியுங்கள். ஈயம் தரையைத் தொடுவதற்கு அரை நொடி முன்னால் கட்டைவிரல் ஸ்பூலில் இறங்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக வரும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கவனியுங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? ஸ்பின்னிங் ரீல் போதாதா?
— வாசகர், மாமல்லபுரம்

போதும்.

கோவளம், முட்டுக்காடு பக்கம் பத்து கிராமுக்குக் கீழே எறிகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்று நானே சொல்வேன். வேர்க்காட்டுக்குள்ளே, பாலத்தூணின் நிழலுக்குள்ளே, ஒரு சாண் இடைவெளியில் இரையை இறக்க வேண்டும், கவ்விய மறுகணம் மீனைத் தூணைச் சுற்றவிடாமல் இழுத்துத் தள்ள வேண்டும் என்னும்போது மட்டும் பெய்ட்காஸ்டருக்கு வாருங்கள். அங்கே கட்டைவிரலுக்கும் நூலுக்கும் நடுவில் வேறு எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: பழைய ரீலில் பின்னல் நூல் போட்டேன். மீன் இழுக்கும்போது டிராக் இறுக்கமாக இருந்தும் நூல் போய்க்கொண்டே இருக்கிறது. டிராக் கெட்டுவிட்டதா?
— வாசகர், நாகப்பட்டினம்

ஸ்பூல் சுற்றுகிறதா, ஸ்பூலின் மேல் நூல் மட்டும் சுற்றுகிறதா? கட்டைவிரலை ஸ்பூலின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். விளிம்பு நின்றிருக்க நூல் உருண்டை மட்டும் வழுக்கினால், டிராக் மேல் பழி போடாதீர்கள். வழவழப்பான உலோக ஸ்பூலில் பின்னல் நூலுக்குப் பிடிமானம் கிடையாது. அடியில் சாதாரண நரம்பைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை முடிந்து ஏற்றுங்கள். ஏற்றும்போது ஈரத்துணிக்குள் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் இரை மட்டும் அறுந்து கடலுக்குப் போகும். பெரும்பாலான பழைய ரீல்களைச் செய்தவர்கள் தடித்த நரம்பை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். நான் அவற்றில் இன்றும் நரம்பையே போடுகிறேன்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு: நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 9 கிலோ தாங்கும் நரம்பு என்றால் 3 கிலோ. தராசில் பார்த்து வையுங்கள், கைக்கணக்கில் நம்பிக்கை வேண்டாம். பெட்டியில் 10 கிலோ டிராக் என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கழிமுகத்துக்கு ரீல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கேள்வி: மீன் பிடித்து வந்ததும் ரீலைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். சரிதானே?
— வாசகர், ராமேசுவரம்

தவறு. வேகமான தண்ணீர் உப்பை வெளியே தள்ளாது, உள்ளே தள்ளும். டிராக்கை இறுக்கிவிட்டு, செடிக்குத் தெளிப்பது போல் மெல்லத் தண்ணீர் விடுங்கள். உதறித் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி, நிழலில் ஒரு இரவு காற்றாட வையுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி ஊறவைக்கவே கூடாது. புதிய ரீல் பத்துப் பேரிங் என்று பெருமை பேசுகிறதே, உப்பு போய் உட்கார அங்கே பத்து இடம் இருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறையாவது நூல் பரப்பும் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய்.

கேள்வி: என் ரீல்களை உங்களுக்கு அனுப்பினால் பழுது பார்த்துத் தருவீர்களா? கூலி எவ்வளவு?
— வாசகர்கள் பதினொரு பேர்; ஊர்கள் பல

அனுப்ப வேண்டாம். கடையை மூடி ஆறு ஆண்டு ஆகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு தூரத்துக் கொக்கு தெரிகிறது, மடியில் விழுந்த ஸ்பிரிங் தெரிவதில்லை. சென்ற மாதம் இரண்டு பேர் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள். ஒன்று, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பியது. பிரித்தபோது மீன் நாற்றத்தில் பேத்தி வீட்டை விட்டே ஓடினாள். அதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அனுப்புநர் முகவரி தண்ணீரில் அழிந்துவிட்டது. கறுப்பு ரீல், கைப்பிடியின் ஒரு குமிழுக்குப் பதிலாக மரக்கட்டை செதுக்கிப் பொருத்தியிருக்கிறது. உங்களுடையது என்றால் அந்தக் கட்டை என்ன மரம் என்று பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். சரியாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.